சுரைப்பந்தலில் கட்டிய மாடு

சித்திரை மாதத்தில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவள் கொலைகாரியாகத்தான் இருக்க முடியும். நான் காலையில் எழுந்து முகம் கழுவுவதற்கு முன்பே கொலை செய்ய ஆரம்பித்துவிடுவேன். கத்தரி இலையைத் திருப்பினால் அடியில் செம்பேன் மிளகாய்த்தூள் தூவின மாதிரி அப்பிக்கிடக்கும். கட்டைவிரலை வைத்துத் தேய்ப்பேன். விரல் சிவந்துபோகும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி. பழைய பல் பிரஷ்ஷை சோப்புத் தண்ணீரில் நனைத்துச் சுரண்டிக் கீழே தள்ளி, செருப்புக் காலால் மிதிப்பேன். வெண்டைக்காயில் புழு ஓட்டை தெரிந்தால் காயோடு பிடுங்கிக் கொதிக்கிற தண்ணீரில் போடுவேன். பாவ புண்ணியத்தை ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பார்த்துக்கொள்ளலாம்.

கும்மிடிப்பூண்டி வெயில் மேலே இருந்து மட்டும் வருவதில்லை. தரையிலிருந்து வரும், சுவரிலிருந்து வரும், காற்று அடித்தால் அதிலும் வரும். போதாததற்குக் கம்பெனிப் புகைக்கூண்டுகளிலிருந்து கரித்தூள் இறங்கி இலைமேல் படலமாகப் படியும். அதைத் துடைக்காவிட்டால் செடி மூச்சுத் திணறிச் செத்துவிடும். அதனால் விடியும்போதே ஈரத்துணியை வைத்துச் சுரை இலையை ஒவ்வொன்றாகத் துடைப்பேன். பக்கத்து வீட்டு முத்தம்மா பல் விளக்கிக்கொண்டே வேடிக்கை பார்ப்பாள்.

"இன்னா மேரி, மூஞ்சி கழுவியாச்சி. பவுடர் போட்டு உடலியா?"

"ஒனக்கு போட்டு உடறேன், வா இப்டி."

தண்ணீர்தான் பெரிய பேஜாரு. போர் தண்ணீர் உப்பு. ஊற்றின இடத்தில் மண் வெள்ளையாகப் பூத்துவிடும். பஞ்சாயத்துக் குழாயில் வருகிற நல்ல தண்ணீரை இரண்டு நீல டிரம்மில் பிடித்து வைத்துக்கொண்டு, அரிசி கழுவின தண்ணீர், குளித்த தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்து ஒப்பேற்றுவேன். மதியத்தில் ஒரு சொட்டு ஊற்றமாட்டேன். ஊற்றினால் வேர் வெந்துவிடும். நாற்றுக்கு மேலே அரிசி மூட்டைச் சாக்கைப் பிரித்துத் தைத்து நிழல் கட்டியிருந்தேன்.

வெயில் ஏறினால் சுரைக்கொடிக்குப் புத்தி கெட்டுவிடும். ஆண்பூவாகத் தள்ளும். பெண்பூ எங்கேயோ ஒன்று எட்டிப் பார்க்கும். அதுவும் பிஞ்சு பிடிக்காமல் வெம்பி விழுந்துவிடும். நான் விடுவேனா. பொழுது சாயும்போது ஆண்பூவைக் கிள்ளிக்கொண்டு போய் பெண்பூவில் நானே தேய்த்துவிடுவேன். அப்படிப் பிடிக்க வைத்த காய்கள் இந்த வருஷம் பந்தல் முழுக்கத் தொங்கின. காலனியில் வேறு யார் வீட்டிலும் பச்சை என்பதே இல்லை. வந்து போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

நான் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிறேன். காலையிலிருந்து மதியம் வரை பொடியாக நறுக்கு, நீளமாக நறுக்கு, சீக்கிரம் நறுக்கு என்று சூப்பர்வைசர் கத்திக்கொண்டே இருப்பான். வாயைப் பொத்திக்கொண்டு நறுக்குவேன். வீட்டுக்கு வந்தால் வாசலோடு ஒட்டின இரண்டு சென்ட்டில் எனக்கு எவனும் எதுவும் சொல்ல முடியாது. அந்த இரண்டு சென்ட்டில்தான் சடையப்பன் வீட்டு மாடு வாய் வைத்தது.

எங்கள் காலனிக்கும் ஊருக்கும் நடுவில் இருப்பது சடையப்பனின் நெல் வயல். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. எங்கள் நைனா, அம்மா இரண்டு பேரும் அந்த வயலில்தான் உழைத்து ஓய்ந்தார்கள். இப்போது காலனியில் யாரும் அவரிடம் வேலைக்குப் போவதில்லை. எல்லாரும் கம்பெனிதான். ஆனால் ரோட்டுக்குப் போக வேண்டுமென்றால் அவர் வரப்பில்தான் நடக்க வேண்டும்.

அறுப்பு முடிந்ததும் ஊர்க்காரர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டுவிடுவார்கள். மழை வரும்வரை அது எங்கே மேய்ந்தாலும் யாரும் கேட்கக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். அறுத்த தாளில் மேய்வதற்குச் சொன்ன வழக்கம் அது. என் சுரைப்பந்தல் என்ன நெல் தாளா?

எங்களுக்கும் ஒரு வழக்கம் தெரியும். அதையும் அவர்களிடம்தான் கற்றுக்கொண்டோம். காலனி ஆடு அவர்கள் நாற்றங்காலில் வாய் வைத்தால், பிடித்துக்கொண்டுபோய் சடையப்பன் வீட்டு வேப்பமரத்தில் கட்டிவிடுவார்கள். ஆட்டுக்காரன் அங்கே போய்த் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "தெரியாம மேஞ்சிடுச்சி ஆண்டே, அவுத்து உட்டுடுங்க" என்று கேட்க வேண்டும். நைனா அப்படிக் கேட்டுவிட்டு வெயிலில் நின்றதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சடையப்பன் நாஷ்டா முடித்து, பேப்பர் படித்து, தூங்கி எழுந்து வந்துதான் தலையை ஆட்டினார். கட்டினவன் வீட்டுக்கு மாட்டுக்காரன் போய்க் கேட்க வேண்டும், அதுதான் முறை. முறை என்றால் இரண்டு பக்கமும் முறைதானே.

முதலில் அந்த மாடு கீரையை மேய்ந்தது. விரட்டிவிட்டேன். அடுத்து மிளகாய்ச் செடியை மிதித்துத் துவைத்துவிட்டுப் போனது. ரோட்டில் பைக்கில் வந்த சடையப்பன் மகன் அன்புசெல்வனை நிறுத்திச் சொன்னேன். அவன் வண்டியை அணைக்கவே இல்லை.

"மாட்டுக்கு இன்னா தெரியும்? நீ வேலிய ஒழுங்கா போட்டுக்கோ."

"வேலி ஒழுங்காத்தான் கீது தம்பி. ஒங்க மாட்டு கொம்புதான் ஒழுங்கா இல்ல. கட்டிப்போட்டு வளங்க."

"தம்பியா?" என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு முறுக்கிக்கொண்டு போனான்.

அடுத்து ஒரு மதியம் வேலை முடிந்து வந்து பார்த்தால், கருவேல முள்வேலி பிய்ந்து கிடக்கிறது. உள்ளே செவலை மாடு. பந்தல் ஒரு பக்கம் சரிந்து, காய்கள் தரையில் நசுங்கி, நான் துணி வைத்துத் துடைத்த இலைகளெல்லாம் அதன் வாயில். சுரைக்கொடியை வேரோடு இழுத்திருந்தது. வேரில் மண் இன்னும் ஈரமாக இருந்தது.

எனக்குக் கண் இருட்டிவிட்டது. சரிந்த பந்தலிலிருந்து மூங்கிலை உருவி மாட்டின் முதுகில் ஓங்கிப் போட்டேன். அது திரும்பி ஒரு முட்டு முட்டியது. முள்வேலிமேல் போய் விழுந்தேன். முழங்கையிலிருந்து தோள் வரைக்கும் முள் இறங்கிவிட்டது. எழுந்து மறுபடி அடித்தேன். மூக்கில் அடித்தேன், கொம்பில் அடித்தேன், தொடையில் அடித்தேன். மூங்கில் பிளந்து என் உள்ளங்கையையும் கிழித்தது. அது கத்தியது, நானும் கத்தினேன். யார் சத்தம் எது என்று தெரிந்திருக்காது. கடைசியில் அதன் கால் மடங்கியபோதுதான் வயிற்றுக்குள் ஏதோ புரண்டதைப் பார்த்தேன். சினை என்று எனக்கு முன்பே தெரியும். ஆத்திரத்தில் அடித்துவிட்டேன். மூங்கிலைப் போட்டுவிட்டு, துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து அதன் கழுத்தில் மாட்டி, மிச்சமிருந்த பந்தல் காலில் இறுக்கிக் கட்டினேன். அது இரும்புக் கால், மாட்டுக்கு அசையாது. என் கை ரத்தமும் அதன் மூக்கு ரத்தமும் கயிற்றில் ஒன்றாக ஒட்டியிருந்தது.

பொழுது சாய அன்புசெல்வன் தேடிக்கொண்டு வந்தான். வேலிக்கு வெளியே நின்று மாட்டைப் பார்த்தான், அதன் மூக்கைப் பார்த்தான்.

"யாரக் கேட்டு கட்டின?"

"நீங்க யாரக் கேட்டு கட்டினீங்களோ, அவரையேதான் நானும் கேட்டேன்."

"அவுத்து உடு."

"உடறேன். ஒங்கப்பாவ வரச் சொல்லு. இங்க வந்து நின்னு, தெரியாம மேஞ்சிடுச்சி, அவுத்து உடுன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. டப்பு வேணாம், ஒண்ணும் வேணாம். அந்த ஒரு வார்த்த போதும்."

"எங்கப்பா காலனிக்கு வரணுமா? ஒங்கிட்டயா?"

"ஏன், எங்கூட்டு வாசல்ல நெருப்பா கொட்டிக்கீது? எங்க நைனா ஒங்கூட்டு வாசல்ல நிக்கல?"

அவன் முகம் கருத்துப்போனது. அப்படியே திரும்பிப் போய்விட்டான். கத்திவிட்டுப் போயிருந்தால் எனக்குப் பயமிருந்திருக்காது.

என் வீட்டுக்காரன் சாம்சன் ரோலிங் மில்லில் வேலை செய்கிறவன். பழுக்கக் காய்ந்த கம்பியைக் குறட்டில் பிடித்துத் திருப்புகிற ஆள். ஆனால் வீட்டுக்கு வந்தால் எலிக்குஞ்சு. மாட்டைப் பார்த்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

"இன்னாமே பண்ணி வெச்சிகீற? நாளைக்கு அவங்க வரப்பு மேலதானே நடந்து போணும்?"

"பறந்து போறேன்."

"வெளையாடாத மேரி. அவுத்து உட்டுடு. கொடிதானே, இன்னொண்ணு போட்டா மொளைக்காது?"

"கொடி மொளைக்கும். அந்த ஆளு நம்ம வாசலுக்கு வரது மொளைக்குமா? நீ போய் சோறு துன்னு."

சாம்சன் சாப்பிடவில்லை. மாட்டுக்குத் தவிடு கரைத்து வைத்தான்.

அதிலிருந்து ஆரம்பித்தது எனக்குத் தண்டனை. சினை மாடு, சித்திரை வெயில். எவ்வளவு குடித்தாலும் அதற்குத் தாகம் அடங்கவில்லை. நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னையே பார்க்கும். போர் தண்ணீரை வைத்தால் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆண்டை வீட்டு மாடு, உப்புத் தண்ணீர் குடிக்குமா? டிரம்மிலிருந்து நல்ல தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன். கத்தரிக்கு ஊற்றாமல் மாட்டுக்கு ஊற்றினேன், வெண்டைக்கு ஊற்றாமல் மாட்டுக்கு ஊற்றினேன். இலைகள் மதியத்தில் சுருண்டு, சாயங்காலம் நிமிராமலேயே கிடந்தன. மிதிபடாமல் தப்பின மிளகாயின் பூவெல்லாம் அனல் காற்றில் உதிர்ந்துபோனது. என் தோட்டத்தைத் தின்ற மாட்டுக்கு என் தோட்டத்தின் தண்ணீரையே கொடுத்து, மிச்சத்தை நானே சாகடித்தேன்.

முத்தம்மா சும்மா இருப்பாளா.

"ஏ மேரி, நீ மாட்ட கட்டி வெச்சிகீறியா, மாடு ஒன்ன கட்டி வெச்சிகீதா?"

"வாய மூடிக்கினு ஒரு கொடம் தண்ணி குடு."

திட்டிக்கொண்டே கொடுத்தாள். வாசல் வாசலாகக் குடம் வந்தது. தங்களுக்கே குடிக்க இல்லாதவர்கள் கொடுத்தார்கள். சடையப்பன் வருவாரா, வந்து கேட்பாரா என்பதுதான் காலனி முழுக்கப் பேச்சு. கிழவர் வந்து நிற்பதைப் பார்க்காமல் ஷிப்டுக்குப் போகமாட்டேன் என்று சிலர் லீவு போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்து சேலைகூட மாற்றவில்லை. அன்புசெல்வன் வந்தான். கூட இரண்டு பேர், கையில் அரிவாளும் உருட்டுக்கட்டையும். நான் மாட்டை அவிழ்க்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் மாட்டைத் தொடவே இல்லை. நேராகச் செடிகளிடம் போனார்கள்.

கத்தரியை அடியோடு கொத்தினான் ஒருவன். பிஞ்சும் பூவுமாகத் தெறித்தது. இன்னொருவன் சாக்கு நிழலைக் கிழித்து நாற்றுமேல் ஏறி நின்று திருகினான். அன்புசெல்வன் நீல டிரம் இரண்டையும் அரிவாளால் கொத்தினான். தண்ணீர் குபுகுபுவென்று கொட்டி, காய்ந்த மண்ணில் ஓடி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண் அதைக் குடித்துத் தீர்த்துவிட்டது. 

"தோட்டம் இருந்தாத்தானே மேயும்?" என்றான் அவன். "இனிமே மேயாது. இப்போ அவுத்து உடு."

சாம்சன் ஓடி வந்து அவன் கையைப் பிடித்தான். "வேணாம் அன்பு, பேசிக்கலாம்" என்றான். கெஞ்சினான் என்றுதான் சொல்ல வேண்டும். உருட்டுக்கட்டைக்காரன் பின்னால் இருந்து அவன் தலையில் போட்டான். கட்டை எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. சாம்சன் உட்கார்ந்தான். அப்புறம் படுத்தான். ரத்தம் காதோரமாக இறங்கி, டிரம் தண்ணீர் ஓடின தடத்திலேயே ஓடியது.

நான் உள்ளே போய் அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு வந்தேன். தினமும் மூட்டை மூட்டையாக வெங்காயமும் பூசணியும் வெட்டுகிற கை இது. கத்தரியைக் கொத்தினவன் அதற்குள் மாட்டுக் கயிற்றை அறுக்கப் போயிருந்தான். அவன் முன்னங்கையில் ஒரே இழுப்பு. சட்டையும் தோலும் சேர்ந்து வாய் பிளந்தது. அவன் ஐயோ என்று கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"வாடா," என்றேன் அன்புசெல்வனிடம். "சோமாறி, வா. ஒனக்கு பொடியா நறுக்கணுமா, நீளமா நறுக்கணுமா?"

அதற்குள் முத்தம்மா அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பின்னாலேயே துடைப்பம், கடப்பாரை, குடம் என்று கையில் கிடைத்ததோடு காலனி திரண்டது. ஒரு செங்கல் பறந்து வந்து கட்டைக்காரன் தோளில் விழுந்தது. வந்த மூன்று பேரும் பின்வாங்கி வேலியைத் தாண்டினார்கள். அன்புசெல்வன் வரப்பில் ஏறி நின்று, "மாட்டுத் திருட்டு கேஸ் குடுக்கறேன், உள்ள போய் களி துன்னு" என்று கத்திவிட்டுப் போனான்.

கேஸும் கொடுத்தான். சாம்சன் தலையில் தையல் போட்டுக்கொண்டு வந்த மறுநாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். எஸ்.ஐ. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் சடையப்பனும் மகனும். அவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தது.

"மாட்ட ஏம்மா திருடின?"

"சார், எந்தத் திருடியாவது திருடின மாட்ட வாசல்ல கட்டி, தேடி வந்தவனாண்ட, ஒங்கப்பாவ வந்து வாங்கிக்கச் சொல்லுன்னு சொல்லுவாளா? மேஞ்ச மாட்ட கட்டினேன். இவங்க ஊட்டு வழக்கந்தான் சார். பெரியவர கேளுங்க, எங்க ஆட்ட கட்டினாரா இல்லியான்னு."

எஸ்.ஐ. சடையப்பனைப் பார்த்தார். சடையப்பன் ஃபேனைப் பார்த்தார்.

"அது அந்தக் காலம்," என்றார் கடைசியில்.

"அந்தக் காலத்துல திருட்டு இல்லியா அது?"

எஸ்.ஐ. சிரிப்பை அடக்கிக்கொண்டு, தலை உடைந்ததும் கை கிழிந்ததும் கேஸானால் இரண்டு பக்கமும் உள்ளே போக வேண்டியதுதான், பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்றார். நான் அங்கேயே சொன்னேன். "ஒரு வார்த்ததான் சார். எங்கூட்டு வாசல்ல வந்து சொல்லணும். சொன்னா அந்த நிமிஷமே அவுத்துடறேன்." அன்புசெல்வன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். சடையப்பன் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பதில் சொல்லவில்லை.

ஆனால் வந்தார்.

காலை வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். அறுத்த வயலின் நடுவில் ஒரு கறுப்புக் குடை நகர்ந்து வந்தது. மகன் வரப்பில் பைக்கை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றுகொண்டான். காலனி முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. 

ஏன் வந்தார் என்று எனக்குத் தெரியும். மாட்டுக்கு மடி இறங்கியிருந்தது. இன்றோ நாளையோ என்று நின்றது. தலைச்சன் கன்று அடுத்தவர் வாசலில் விழுந்தால் வீட்டு லட்சுமி அந்த வாசலோடு போய்விடும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. என்மேல் மரியாதை வந்து அவர் வரவில்லை. எனக்கென்ன, கால் வந்தால் சரி.

வேலி இருந்த இடத்தில் வந்து நின்றார். இத்தனை நாள் திட்டித் தீர்த்த என் வாய், "வாங்க ஆண்டே" என்று சொல்லத் தயாராகிவிட்டது. என்ன வாய் இது. நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டேன். உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் கொடுக்கவில்லை. கொடுக்கத் தண்ணீரும் இல்லை.

"எளைச்சிடுச்சே," என்றார் மாட்டைப் பார்த்து.

"நாங்களும்தான்."

குடையைக் கைமாற்றினார். கழுத்தில் வேர்வை ஓடியது. "அவுத்து உடும்மா."

"ஒங்க வேப்பமரத்தாண்ட எங்க நைனா சொன்னாரே, அது ஞாபகம் கீதா? அத சொல்லணும். யாராண்ட சொல்றீங்கன்னு பேர் சொல்லி சொல்லணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார். "நீ அருளப்பன் பொண்ணுதானே? ஒம் பேரு இன்னாம்மா?"

என் அம்மா சாகும்வரை இவர் வயலில் நாற்று நட்டாள். நான் இவர் வரப்பில் நடந்து பள்ளிக்கூடம் போனேன், கல்யாணமாகி நடந்தேன், வேலைக்கு நடக்கிறேன். பேர் தெரியவில்லை. செருப்பால் அடித்த மாதிரி இருந்தது எனக்கு.

"ஆரோக்கியமேரி."

"ஆரோக்கியமேரி," என்றார். "தெரியாம மேஞ்சிடுச்சி. அவுத்து உடு."

துண்டு தோளிலேயே இருந்தது. போகட்டும் என்று விட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், நைனா பக்கத்தில் நின்று கேட்ட மாதிரி நெஞ்சு நிறைந்துவிட்டது. முத்தம்மா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்துக் கயிற்றை அவர் கையில் கொடுத்தேன். மாடு நகரமாட்டேன் என்று காலை ஊன்றிக்கொண்டது. நான்தான் முதுகில் தட்டி அனுப்பினேன்.

வரப்பு வரைக்கும் அவரே ஓட்டிக்கொண்டு போனார். அங்கே அன்புசெல்வன் கயிற்றைப் பிடுங்கினான். பைக்கில் செருகியிருந்த தடியை உருவினான். முதல் அடி மாட்டின் முகத்தில்.

"அவ வாசல்லயா நிப்ப? அவ தண்ணியவா குடிப்ப?"

அடுத்தது கண்ணோரத்தில். அடுத்தது முதுகில். மாடு சுற்றிச் சுற்றி வந்தது. கயிறு கழுத்தை நெரிக்க நாக்கு வெளியே தள்ளியது. அப்புறம் வயிற்றில் அடித்தான், காலால் உதைத்தான், திரும்ப வயிற்றிலேயே அடித்தான். எங்களைப் பார்த்துப் பார்த்து அடித்தான். மாடு முழங்காலில் விழுந்து, கன்று போடுகிற மாடு கத்துகிற மாதிரி கத்தியது. சடையப்பன் பக்கத்திலேயே குடை பிடித்துக்கொண்டு ஊர்ப் பக்கம் பார்த்து நின்றார். இப்போதுதான் என் பேரைச் சொன்ன வாய், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த அடியெல்லாம் எனக்கு விழ வேண்டியவை. என்னை அடிக்க முடியாமல் அதை அடித்தான்.

மண்வெட்டியை எப்போது எடுத்தேன் என்று தெரியாது. அறுத்த தாள் பாதத்தில் குத்தியது தெரியும், முத்தம்மா பின்னால் கத்தினது தெரியும். அவன் திரும்புவதற்குள் மண்வெட்டியின் காம்பைத் தடி பிடித்த மணிக்கட்டில் இறக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் காம்பு வழியாகக் கைக்கு வந்தது. தடி விழுந்தது. அடுத்ததை முட்டியில் வைத்தேன். தாளில் மல்லாந்து விழுந்து கையைப் பிடித்துக்கொண்டு அலறினான். இன்னொன்று ஓங்கினேன். அவன் கண்ணைப் பார்த்தேன். பயந்திருந்தான். அது போதும் என்று இறக்கிவிட்டேன்.

கயிறு புழுதியில் கிடந்தது. குனிந்து எடுத்தேன். "எழுந்திருடி" என்று மாட்டின் தாடையைத் தாங்கித் தூக்கினேன். அது நடுங்கிக்கொண்டே எழுந்தது. ஒரு கண் மூடியிருந்தது.

"ஆரோக்கியமேரி," என்றார் சடையப்பன். குடை அவர் கையிலிருந்து விழுந்திருந்தது. "அது எம் மாடும்மா."

"தெரியும் பெரியவரே. அன்னிக்கு நான் திருடல. இன்னிக்கு திருடறேன். பேரு தெரிஞ்சிகினீங்க இல்ல, ஸ்டேஷன்ல போய் எழுதிக் குடுங்க."

கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு திரும்பி நடந்தேன். மாடு நொண்டிக்கொண்டே பின்னால் வந்தது. எங்கள் வாசலில் சாம்சன் தலைக்கட்டோடு நின்றிருந்தான்.  சரிந்து கிடந்த முள்ளை இரண்டு கையாலும் ஒதுக்கி, மாடு உள்ளே வர வழிவிட்டான்.